ஒரு மில்லிமீட்டர் கம்பிக்குள் 8,900 இழைகள் எதற்கு?

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் சுரங்க வளையத்தில் புரோட்டான்களை வளைத்துத் திருப்ப 1,232 பெரிய மின்காந்தங்கள் இருக்கின்றன. அவற்றின் சுருளிலிருந்து ஒரே ஒரு கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குச் சாதாரணச் செம்புக் கம்பிதான், தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நுனியை நைட்ரிக் அமிலத்தில் முக்கினால் செம்பு கரைந்துபோகும். உள்ளேயிருந்து கருத்த இழைகள் குஞ்சம் போல விரியும். எண்ணினால் சுமார் 8,900! ஒவ்வொன்றும் 7 மைக்ரோமீட்டர், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு.

கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவது அந்த நையோபியம்-டைட்டானிய இழைகள்தான். இப்படிக் கடத்தும் பொருளைத்தான் மீக்கடத்தி என்கிறார்கள். அப்படியென்றால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தண்டாக வார்த்திருக்கலாமே? வார்த்தால் அந்தக் கம்பி வேலைக்கு ஆகாது. அதன் காந்தப்புலமே அதைக் கெடுத்துவிடும்.

இந்த வகை மீக்கடத்திக்குள் வலுவான காந்தப்புலம் மெல்லிய சுழல்களாகத்தான் நுழையும். 1957-இல் இயற்பியலாளர் அப்ரிகோசோவ் கணித்துச் சொன்னது இது. ஒவ்வொரு சுழலும் சுமக்கும் காந்தப் பாயம், அதாவது அதன் வழியாகச் செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, ஒன்றேதான். உலோகத்தில் இருக்கும் குறைகளில் இந்தச் சுழல்கள் மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால் விளிம்பில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். களத்தில் கொட்டிய நெல் குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் குவியலுக்கு ஒரு சரிவு நிற்கிறது. மீக்கடத்தியில் அந்தச் சரிவின் செங்குத்துதான் மின்னோட்ட அடர்த்தி. சரிவு எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவு மின்சாரம் ஓடும்.

சரி, இப்போது ஏதோ ஓர் இடத்தில் லேசாகச் சூடு ஏறுகிறது என்று வையுங்கள். சூடு ஏறினால் சுழல்களைப் பிடித்திருக்கும் பிடி தளரும். பிடி தளர்ந்தால் சுழல்கள் உள்ளே நகரும். நகர்வதே வெப்பத்தை உண்டாக்கும், அந்த வெப்பம் பிடியை இன்னும் தளர்த்தும். குவியல் மொத்தமும் ஒரு நொடிக்குள் சரிந்துவிடும். இதைத்தான் பாயத் தாவல் என்கிறார்கள்.

இவ்வளவு குளிரில் கொஞ்சம் சூடு என்ன செய்துவிடும் என்று தோன்றும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பொருள்கள் குளிரக் குளிர, வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும் திறனையும் இழந்துவிடுகின்றன. திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) ஒரு கிலோ செம்பை ஒரு டிகிரி சூடாக்க, அறை வெப்பநிலையில் தேவைப்படுவதில் சுமார் 4,000-இல் ஒரு பங்கு ஆற்றலே போதும். செர்ன் காந்தங்களோ அதைவிடக் குளிரில், 1.9 கெல்வினில் ஓடுகின்றன. நமக்கு ஒன்றுமே இல்லாத சூடு அங்கே பெரிய சூடு.

1960-களில் செய்த மீக்கடத்திச் சுருள்கள் பல, எதிர்பார்த்த மின்னோட்டத்தை எட்டும் முன்பே சாதாரண உலோகமாகிப் படுத்துவிட்டன. இங்கிலாந்தின் ரதர்ஃபோர்ட் ஆய்வகத்தில் மார்ட்டின் வில்சனும் கூட்டாளிகளும் 1970 வாக்கில் வழியைத் தெளிவாக்கினார்கள்: மெலிதாக்கு. தடிமனைப் பாதியாக்கினால், சரிவின்போது ஒவ்வொரு துளி உலோகத்திலும் வெளிப்படும் வெப்பம் கால் பங்காகிவிடும். சில பத்து மைக்ரோமீட்டருக்குக் கீழே போனால் தாவல் தொடங்கவே முடியாது. (செர்ன் 7 வரை இறங்கியதற்கு, புலம் பிசகில்லாமல் இருக்க வேண்டும் என்ற தேவையும் சேர்ந்துகொண்டது.)

செம்பு சும்மா நிரப்புப் பொருள் இல்லை. நையோபியம்-டைட்டானியத்துக்குள் வெப்பம் கசிவதைவிடக் காந்தப்புலம் வேகமாகப் பரவும். செம்பில் தலைகீழ்: வெப்பம் ஓடிவிடும், புலம் தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் ஹீலியம் சூட்டை வாங்கிக்கொள்ளும். அப்புறம், இழைகளைக் கயிறு போலத் திரித்தும் ஆக வேண்டும். புலம் மாறும்போது, திரிக்காத இழைகள் செம்பு வழியாகக் கைகோத்துக்கொண்டு மறுபடியும் ஒரே தடித்த கம்பியாக நடந்துகொள்ளும். அப்படியானால் மெலிதாக்கியது அத்தனையும் வீண்.

மெல்லிய படலங்களில் இந்தச் சரிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2001-இல் மீக்கடத்தி என்று தெரியவந்த மக்னீசியம் டைபோரைடு படலத்தைச் சுமார் 10 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்து, காந்தப்புலத்தை ஒளியாகக் காட்டும் ஒரு தகட்டை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். புலத்தை மெதுவாகக் கூட்டும்போது, விளிம்பிலிருந்து மின்னல் மாதிரி ஒரு கிளை சட்டென்று உள்ளே பாய்ந்து, பிரிந்து பிரிந்து நின்றுவிடுகிறது. அதே படலத்தில் மறுபடி செய்தால் கிளையின் உருவம் வேறு. மேலே தங்கத்தைப் பூசினால் அந்த மின்னல் அடங்கிவிடுகிறது. செம்பு செய்யும் அதே வேலைதான்.

செர்னின் அடுத்த கட்டக் காந்தங்களில் நையோபியம்-டின் வருகிறது. இன்னும் வலிமையான புலத்தைத் தாங்கும், ஆனால் இழைகளை அவ்வளவு மெலிதாக்க முடியாது. 50 மைக்ரோமீட்டர் அளவில்தான் கிடைக்கின்றன. அதனால் பாயத் தாவல்கள் திரும்ப வந்துவிட்டன. புலம் குறைவாக இருக்கும்போதுதான் சரிவு மிகச் செங்குத்தாக நிற்கும் என்பதால், மின்னோட்டத்தை ஏற்றத் தொடங்கும் கட்டத்தில்தான் தொல்லை அதிகம். சுருளின் மின்னழுத்தம் திடீர் திடீரென்று துள்ளும், காவல் மின்னணுக் கருவிகள் உண்மையான ஆபத்து என்று நினைத்து காந்தத்தை அணைக்கப் பார்க்கும். அதனால் எச்சரிக்கை வரம்பை ஒரே அளவில் வைப்பதில்லை. மின்னோட்டம் குறைவாக இருக்கும்போது தளர்த்தியும், ஏற ஏற இறுக்கியும் வைக்கிறார்கள்.