எள்ளளவு ரெசிஸ்டர்

புளியரை செக்போஸ்ட்டில் ஆர்.சி. புத்தகத்தைத் தேட வண்டிக்குள் ரூம் லைட்டைப் போட்டேன். மினுக் மினுக்கென்று அடித்துவிட்டு அணைந்தது. செங்கோட்டையில் வாங்கி நானே மாட்டிய எல்இடி. இருபது நாள்கூட ஆகவில்லை. அதற்கு முன் அங்கிருந்த பழைய பல்பு பதினொரு வருஷம் எரிந்தது. நல்லா இருந்ததைக் கழற்றியவனும் நானேதான்.

வீட்டில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். மூன்று மூன்றாகக் கோத்த எல்இடிகள். ஒவ்வொரு வரிசைக்கும் எள் போல ஒரு கறுப்புத் துண்டு, அதன் முதுகில் 151 என்ற எண். கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்தான். 15-க்குப் பின்னால் ஒரு சைபர், ஆக 150 ஓம் தடை.

வெள்ளை எல்இடி ஒன்று சுமார் 3 வோல்ட் எடுக்கும், மூன்றுக்கு 9. நிற்கிற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட். மிச்சமுள்ள 3.6 அந்த எள்ளின் தலையில் விழ, 24 மில்லி ஆம்பியர் ஓடும். இன்ஜின் ஓடினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 14.4 வரை ஏற்றிவிடும். எல்இடிகள் ஏறக்குறைய அதே 9-இல் நிற்க, மிச்சம் 5.4 ஆகிறது, கரண்ட் 36. வோல்டேஜ் ஏழில் ஒரு பங்குதான் கூடியது, கரண்டோ ஒன்றரை மடங்கு! சூடு தாங்காமல் எல்இடிச் சில்லு போய்விடும். இழை பல்புக்கு இந்த வம்பில்லை. சூடேறச் சூடேற டங்ஸ்டனின் தடையும் கூடி, கரண்டுக்குத் தானே கடிவாளம் போட்டுக்கொள்ளும். அதனால் கூடுதல் காசு கொடுத்தாலும், கரண்டை ஒரே அளவில் நிறுத்தும் ஐசி உள்ள பல்பாகவே வாங்குங்கள்.

மாட்டுவது பெரிய வித்தையில்லை. பழைய பல்பின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 31, 36, 41 மில்லிமீட்டர் என்று பல அளவு உண்டு. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறியதும் மூடியை நெம்பி மாற்றவேண்டியதுதான். "எரியலைன்னா பல்பு போச்சுன்னு தூக்கிப் போட்டுறாதிய அண்ணாச்சி, திருப்பி மாட்டிப் பாருங்க" என்றார் மெக்கானிக். எல்இடி ஒரு திசையில்தான் கரண்டை விடும்.

நிறத்தில்தான் நான் இரண்டாவது தடவை ஏமாந்தேன். வெள்ளை எல்இடி உள்ளுக்குள் நீல எல்இடி; மேலே பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அதில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. (அந்த நீலத்துக்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல்.) 6500 கெல்வின் (ஒளியின் நிறச் சாயலைச் சொல்லும் அளவு) பல்பில் நீலம் தூக்கலாக இருக்கும். இருட்டில் நமக்குப் பார்வை தரும் ரொடாப்சின் நிறமியை அந்த நீலப் பக்கத்து ஒளி சீக்கிரம் சிதைக்கும். முழுசாகத் திரும்ப அரை மணி நேரம் வரை பிடிக்கும். ஆரியங்காவு பக்கம் ஏறும் கொண்டை ஊசி வளைவில் பின்சீட்டுப் பிள்ளை பிஸ்கட் தேடி லைட்டைப் போட்டால், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ரோட்டோரம் மசமசவென்றுதான் தெரியும். இப்போது மாட்டியிருப்பது 3000 கெல்வின், மஞ்சள் சாயல்.

அதிலும் ஒரு வேடிக்கை. கதவைப் பூட்டிய பிறகும் மின்மினி மாதிரி லேசாக எரிகிறது. சர்க்யூட்டில் கசியும் துளிக் கரண்டால் இழையைச் சூடாக்க முடியாது. எல்இடிக்கு அதுவே போதும்.