கரண்ட் திரும்பி வரும் அந்த ஐந்து நிமிடம்

யாங்கோனில் குடியிருப்பவர்களுக்கு 'மீ லா பீ!' என்ற கூச்சல் பழகிப்போன ஒன்று. கரண்ட் வந்துவிட்டது என்று பிள்ளைகள் பால்கனிகளில் நின்று பர்மிய மொழியில் போடுகிற சத்தம் அது. உடனே எதிர்வீட்டு மின்விசிறி சுற்றும். தண்ணீர் ஏற்றும் மோட்டார்கள் தெருவெங்கும் ஒன்றாக உறுமும். சமையலறை மூலையில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தமும் கேட்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'. அந்தச் சத்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் பிரிட்ஜ் பழுது பார்க்கிற எனக்கு அதுதான் மிகவும் கவலை தருகிற சத்தம்.

நான் திறந்து பார்த்த கம்ப்ரசர்களில் வயதாகி ஓய்ந்தவை குறைவு. கரண்ட் வருகிற முதல் சில நிமிடங்களில் அடிபட்டுச் செத்தவைதான் அதிகம்.

காரணத்தைச் சொல்கிறேன். பிரிட்ஜின் பின்புறம் கீழே கறுப்புப் பானை மாதிரி இருப்பது கம்ப்ரசர். அது ஓடும்போது குழாயின் ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். நின்றதும் நூல் போன்ற ஒரு மெல்லிய குழாய் வழியாக இரண்டு பக்கமும் மெல்லச் சமமாகும். அதற்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். நம் ஊரில் வருகிற கரண்ட் வந்த உடனே நிலைத்து நிற்பதில்லையே! வரும், பத்து விநாடியில் போகும், மறுபடி வரும். அந்த இரண்டாவது தடவை, அழுத்தம் சமமாகாத நிலையில் மோட்டார் கிளம்பப் பார்க்கிறது. இரண்டு ஆட்களை ஏற்றிய சைக்காவை, அதாவது சைக்கிள் ரிக்‌ஷாவை, மேட்டில் நின்ற இடத்திலிருந்து மிதித்துக் கிளப்புவது போன்ற பாடு அது.

போதாததற்கு, தெருவில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடுவதால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 160 வோல்ட்தான் வரும். வோல்ட் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் கிளம்பும் பலம் பாதியாகக் குறைந்துவிடும். கிளம்ப முடியாமல் முனகி நிற்கிற மோட்டார், சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். உள்ளே கம்பிச் சுருள் கொதிக்கும். அப்போது ஓவர்லோட் என்கிற சிறு பாதுகாப்பு வில்லை இணைப்பை அறுக்கிறது. நீங்கள் கேட்கிற 'டிக்' அதுதான். ஆறியதும் மறுபடி சேர்க்கும், மறுபடி அறுக்கும். இப்படி ஒவ்வொரு நாளும் நடந்தால் ஒருநாள் சுருள் கருகிவிடும்.

ஆகவே நான் போகிற வீடுகளில் எல்லாம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கரண்ட் போனதும் பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஒரு பல்பை மட்டும் போட்டு வையுங்கள். கரண்ட் வந்து, அந்தப் பல்பு மங்காமல் சிமிட்டாமல் முழுதாக ஐந்து நிமிடம், முடிந்தால் பத்து நிமிடம் எரிந்த பிறகு பிளக்கைச் செருகுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரம் அதிகம் என்றால், கரண்ட் வந்த பிறகு சில நிமிடம் தாமதித்து இணைப்புக் கொடுக்கிற ஸ்டெபிலைசர் வாங்குங்கள். கடையில் தாமதம் எத்தனை நிமிடம், எத்தனை வோல்ட்டுக்குக் கீழே போனால் துண்டிக்கும் என்று இரண்டையும் கேளுங்கள். வோல்ட்டை ஏற்றிக் கொடுத்துவிட்டு உடனே இணைப்பும் கொடுத்தால் பாதி வேலைதான் நடந்தது.

ஜப்பானிலிருந்து வந்த பழைய பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவை 100 வோல்ட்டில் ஓடுபவை. இடையில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத்தான் ஓட்டுகிறோம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் 220-ஐ 100 ஆக்கும் என்றால், உள்ளே 170 வரும்போது வெளியே 77தான் வரும். தானாகச் சரிசெய்துகொள்ளும் புத்தி அதற்குக் கிடையாது. அதற்கு முன்னால் ஸ்டெபிலைசர் அவசியம். பேட்டரி இன்வெர்ட்டரில் பிரிட்ஜை ஓட்டுபவர்கள் அது வீட்டுக் கரண்ட் போலவே சீரான சைன் அலை கொடுக்கிற வகையா என்று பார்த்து வாங்குங்கள். சதுர அலை கொடுக்கிற மலிவான பெட்டியில் மோட்டார் உறுமும், சூடாகும், ஆயுள் குறையும்.

போன சித்திரையில் ஒரு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஆறாவது மாடி. அப்போதும் கரண்ட் இல்லை, அழைப்பு மணி வேலை செய்யவில்லை. பால்கனியிலிருந்து தெருவரை தொங்குகிற கயிற்றை இழுத்தேன், மேலே மணி அடித்தது, சாவியைக் கயிற்றிலேயே இறக்கினார். "தம்பி, குளிரே பத்தல, அதான் ஏழுல வச்சிருக்கேன்" என்றார். கரண்ட் நாலு மணி நேரம்தானே வருகிறது, அதற்குள் சீக்கிரம் குளிரட்டும் என்று குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பியிருந்தார். பலர் செய்கிற தவறு இது. சாதாரணக் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். எண் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு வேகமாகக் குளிர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. முந்தின இரவு, வழக்கத்துக்கு மாறாகக் கரண்ட் விடிய விடிய போகாமல் இருந்திருக்கிறது. பிரிட்ஜும் நிற்காமல் ஓடியிருக்கிறது. கீழ்த்தட்டுத் தக்காளி கல்லாக இருந்தது. பின்சுவரை ஒட்டி வைத்திருந்த இன்சுலின் புட்டியைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே திரவம் அசையவில்லை.

உருகிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்கப் போனார். நான் விடவில்லை. உறைந்த இன்சுலின் உருகினாலும் அதன் குணம் போய்விடும், அதைப் பயன்படுத்தக் கூடாது. திறக்காத புட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். பக்கத்தில் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று இருக்கட்டும். மருந்து இருக்கிற வீட்டில் அதை நான் வற்புறுத்திச் சொல்வேன். கரண்ட் அதிக நேரம் இல்லாத காலத்தில் அந்த மருந்தை எப்படிப் பாதுகாப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்திருக்கிற ஃப்ரீசர் 48 மணி நேரம்வரை தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஆகவே ஃப்ரீசரில் வெற்றிடம் விடாதீர்கள். தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி உறைய வையுங்கள். கரண்ட் போகிற நேரம் தெரிந்தால் இரண்டு பாட்டிலை எடுத்துக் கீழ்ப்பகுதியின் மேல்தட்டில் வையுங்கள், குளிர் கீழே இறங்கும். மீன், இறைச்சி, பால், சமைத்த சோறு இவை 5 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் உண்டாக்குகிற கிருமி எல்லாம் நாற்றம் காட்டுவதில்லை. நாலு நாள் ஊருக்குப் போகிறீர்களா? ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மேலே பழைய காசு ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது கேஸ். "கேஸ் குறைஞ்சிருக்கு, போட்டுட்டா சரியாயிடும்" என்று சொல்கிற ஆளை அப்படியே நம்பாதீர்கள். பிரிட்ஜ் கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் போட்ட கேஸ் மறுபடி வெளியேறத்தான் செய்யும். அந்த ஓட்டையைப் பல வீடுகளில் கத்தியே போட்டிருக்கிறது. ஐஸ்கட்டியைப் பெயர்க்கிறேன் என்று குத்தும்போது அலுமினியத் தகட்டுக்குள் ஓடுகிற குழாய் கிழிந்துவிடும். ஐஸ் அரை அங்குலம் சேரும்வரை விடாதீர்கள். கரண்ட் இல்லாத நேரம்தான் இருக்கவே இருக்கிறதே, உள்ளே கெடக்கூடிய பொருள் இல்லாத நாளில் அப்போது கதவைத் திறந்துவைத்து வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் தானாக விழும்.

கம்ப்ரசர்மேல் ஒட்டியிருக்கிற தாளைப் பாருங்கள். ஆர்-600ஏ என்று இருந்தால் அது ஐசோபியூட்டேன், எரியும் வாயு. ஓசோனையும் கெடுக்காது, பூமியையும் பெரிதாகச் சூடேற்றாது, நல்ல கேஸ்தான். ஆனால் சன்னல் மூடிய சமையலறையில், கேஸ் உள்ளே இருக்கும்போதே தீச்சுடர் வைத்துக் குழாயை ஒட்டினால் வெடிக்கலாம். பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது. கேஸ் அளவும் எத்தனை கிராம் என்று அதே தாளில் இருக்கும். தராசில் நிறுத்துப் போடுகிறவரிடம் வேலை கொடுங்கள்.

கதவு ரப்பரைச் சோதிக்க ஆயிரம் சாட் நோட்டு ஒன்று போதும். கதவில் வைத்து மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், கறுப்புக் கம்பிவலையில் சேர்கிற தூசியைப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடையுங்கள்.

இன்னொன்றை விடவே மாட்டேன். கதவுப் பிடியைத் தொட்டால் கையில் சுருக்கென்று இழுக்கிறதா? பழைய கட்டிடங்களில் எர்த் கம்பி இல்லாத இரண்டு துளைச் சாக்கெட் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற குழந்தைக்கு அந்தச் சுருக் உயிராபத்து. 'செருப்புப் போட்டுத் தொட்டால் ஒன்றும் ஆகாது' என்று நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே பிளக்கைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் மூன்றைப் பார்த்து வையுங்கள். உள்விளக்கு எரிகிறதா? கம்ப்ரசர் ஓடுகிறதா, முனகுகிறதா, 'டிக்' மட்டும் கேட்கிறதா? மேலே குளிர்ந்து கீழே மட்டும் குளிரவில்லையா? கம்ப்ரசர்மேல் இருக்கிற தாளையும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். 'டிக்' என்றால் பல நேரம் போனது கம்ப்ரசர் அல்ல, அதன் பக்கத்தில் செருகியிருக்கிற, மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சின்ன ரிலே. கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே உடைந்த துண்டு கலகலக்கும். படம் முன்பே வந்துவிட்டால், பொருத்தமான ரிலேயைப் பையில் போட்டுக்கொண்டே ஆறு மாடியும் ஏறுவேன், பெரியம்மாவின் பால் அன்று கெடாது.