பப் என்றால் பலர்புகுமனை

'பப்' என்ற சொல்லை நம் நாளிதழ்கள் 'மதுபான விடுதி' என்று எழுதுகின்றன. விடுதி என்றால் தங்குமிடம். பப்பில் பொதுவாக யாரும் தங்குவதில்லை. சரி, 'மதுக்கடை' என்று சொல்லலாமா? அதைக் கேட்டதும் கம்பிச் சன்னலுக்குள் காசை நீட்டும் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டு சொற்களும் மதுவைப் பிடித்துக்கொண்டு, மூலச்சொல்லின் உயிரைக் கைவிட்டுவிடுகின்றன.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கம். பொதுமக்களின் வீடு என்று பொருள். அதில் மதுவைக் குறிக்கும் சொல்லே கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் உரிமம் பெற்ற மதுச்சாலைக்குப் பெயராகி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் 'பப்' என்று சுருங்கியது. அதன் உறவுச் சொற்களில் 'டாவர்ன்' என்பது குடிசை, கடை என்று பொருள்படும் இலத்தீன் 'தபெர்னா'விலிருந்து வந்தது. 'பார்' என்பது வெறும் குறுக்குக் கட்டை. இந்த மூன்றில் 'வீடு' என்று பெயரிலேயே சொல்வது பப் மட்டும்தான்.

அயர்லாந்தின் சிற்றூர்களில் அது உண்மையிலேயே வீடாகத்தான் இருந்தது. வாசலுக்கு மேல் குடும்பப் பெயர் இருக்கும். பல இடங்களில் முன்பக்கம் மளிகைக் கடை, பின்பக்கம் மது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் இறங்கிய நகரம் நியூயார்க். நெருக்கடியான ஒற்றை அறைகளில் குடும்பத்தோடு முடங்கியவர்களுக்கு, வேலை பற்றிக் கேட்கவும் ஊர்ச் சேதி பேசவும் ஒரு கூடம் வேண்டியிருந்தது. பப்தான் அந்தக் கூடம்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், கிழக்கு 7ஆம் தெருவில் 'மெக்சார்லிஸ்' என்ற ஐரிஷ் பப் இன்றும் இருக்கிறது. 1854இல் தொடங்கியதாகச் சொல்லும் கடை. தரையில் மரத்தூள் பரப்பியிருப்பார்கள். ஏல் என்னும் மது இரண்டே வகை, வெளிர் நிறம் அல்லது கருநிறம். ஒன்று கேட்டால் இரண்டு சிறு குவளைகள் வரும். தொட்டுக்கொள்ள ஒரு தட்டில் பாலாடைக்கட்டி, வட்டமாக அரிந்த பச்சை வெங்காயம், மொறுமொறு பிஸ்கட், பக்கத்தில் காரமான கடுகு விழுது. பிஸ்கட்டின்மேல் மூன்றையும் அடுக்கிக் கடித்தால் கடுகின் காரம் மூக்கில் ஏறும். உடனே குவளையைத் தேடும் கை.

இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம். நியூயார்க்கில் ஐரிஷ் உணவு என்றால் 'கார்ன்ட் பீஃப்' நினைவுக்கு வரும். இந்தக் 'கார்ன்' மக்காச்சோளம் அல்ல. தானியமணி என்ற பழைய பொருளில் உப்புப் பரலைக் குறிக்கிறது. எனவே அது 'உப்பிட்ட மாட்டிறைச்சி'. அயர்லாந்தில் இருந்தபோது அவர்கள் முட்டைக்கோசோடு வேகவைத்தது உப்பிட்ட பன்றி இறைச்சியைத்தான். நியூயார்க்கில் அது கட்டுப்படியாகவில்லை. யூதக் கசாப்புக் கடைகளில் உப்பிட்ட மாட்டு நெஞ்சுக்கறி மலிவாகக் கிடைத்தது, அதையே வாங்கினார்கள். ஆக, இது அமெரிக்காவில் பக்கத்து வீட்டாரிடமிருந்து பிறந்த ஐரிஷ் உணவு.

அப்புறம், அந்தப் 'பப்ளிக்'. மெக்சார்லிஸ் நூறாண்டுக்கும் மேல் பெண்களை உள்ளே விடவில்லை. 'நல்ல ஏல், பச்சை வெங்காயம், பெண்கள் கிடையாது' என்பதே அதன் கொள்கை வாசகம். 1939 முதல் உரிமையாளர் ஒரு பெண்ணாக இருந்தும் அந்த வழக்கம் மாறவில்லை. 1969இல் இரண்டு பெண்கள் உள்ளே போனார்கள், மது தர மறுத்ததும் வழக்குத் தொடுத்தார்கள். அரசின் உரிமத்தில் நடக்கும் பொதுக்கடை பாதிப் பொதுமக்களைத் தள்ளிவைக்க முடியாது என்ற நிலை 1970இல் உறுதியானது. அந்த ஆகஸ்டில் கதவு திறந்தது. தன் பெயருக்கு உரிய பொருளை அந்த வீடு அன்றுதான் முழுதாகப் பெற்றது என்பேன்.

இந்தப் பொருளைத் தாங்கும் தமிழ்ச்சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைவீதியைக் காட்டும் பட்டினப்பாலை, 'பலர் புகு மனைப் பலிப் புதவின் நறவு நொடைக் கொடி' என்கிறது. நறவு என்றால் கள். நொடை என்றால் விற்பனை. பலி என்றால் படையல். புதவு என்றால் கதவு. பலரும் நுழையும் வீட்டு வாசலில், கள் விற்பதைச் சொல்லும் கொடி பறக்கிறது. அதற்கு முந்தைய வரிகளில் மீனையும் இறைச்சியையும் அறுத்துப் பொரிக்கும் ஓசை முன்றிலில் கேட்கிறது. குடி, தீனி, திறந்த கதவு எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

ஆகவே பப் என்பதற்குப் 'பலர்புகுமனை' என்பதே என் பரிந்துரை. 'ஐரிஷ் பலர்புகுமனை ஒன்றில் இரவு உணவு' என்று எழுதிப் பாருங்கள், உறுத்தாது. பழைய சொல்லாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். புதுமனை புகுவிழா என்று அச்சடிக்கும் ஒவ்வொரு அழைப்பிதழிலும் 'மனை', 'புகு' இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன.