அலைன்மென்ட்: நூல் பிடிக்கிற சொல்

காரின் முன்டயரில் வெளிப்பக்கம் பட்டன் (தரையில் பதியும் ரப்பர் கட்டிகள்) நன்றாக இருக்கும், உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருக்கும். நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து கையை விட்டால்தான் தெரியும். மெக்கானிக் பார்த்ததுமே, "உள்பக்கம் தின்னுது சார், அலைன்மென்ட் பண்ணிடுங்க" என்பார்.

அலைன்மென்ட் என்றால் ஒரே கோட்டில் நிறுத்துவது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்குள் இருக்கும் 'லைன்', லத்தீனின் 'லீனியா'. லீனியாவுக்கு முதற்பொருள் கோடு அல்ல, நூல். 'லீனம்' என்கிற ஆளிச்செடியின் நாரில் திரித்த நூல். அதை இழுத்துக் கட்டி நேர் பார்த்ததால் நூலின் பெயரே கோட்டுக்கும் ஆனது.

தமிழிலும் இதே கதைதான். கொத்தனார் நூல் பிடித்துத்தான் சுவர் எழுப்புகிறார். வரிசை பிசகாமல் நின்றால் 'நூல் பிடித்தாற்போல்' என்கிறோம். நன்னூலின் பாயிரம் 'மரத்தின் கனக்கோட்டம் தீர்க்கும் நூல்' என்று தச்சர் மரத்தில் கோடு போடும் எற்றுநூலைச் சொல்லி, மனத்தின் கோட்டம் தீர்க்கும் புத்தகத்தை அதற்கு ஒப்பிடுகிறது. கோட்டம் என்றால் வளைவு, கோணல். சைக்கிள் கடையில் ரிம்மை நிமிர்த்துவதற்கு 'கோட்டம் எடுப்பது' என்று கேட்டிருப்பீர்கள். இலக்கணப் புத்தகத்துச் சொல் ஸ்போக் சாவியோடு புழங்குவதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கணினி பொருத்திய கருவி இல்லாத ஒர்க்‌ஷாப்பில் காருக்கும் நூல்தான். வண்டியின் இரு பக்கமும் சக்கரத்தின் நடு உயரத்தில், வண்டிக்கு இணையாக நூல் கட்டுவார்கள். நூலுக்கும் ரிம்மின் முன்விளிம்புக்கும் உள்ள இடைவெளி, பின்விளிம்புக்கும் உள்ள இடைவெளி, இரண்டையும் அளப்பார்கள். அந்த வித்தியாசம்தான் 'டோ'. பல கார்களில் அது ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது.

டோ என்றால் கால்விரல். பாதங்களை உள்நோக்கித் திருப்பி நிற்பதுபோல் சக்கரங்களின் முன்பக்கம் நெருங்கினால் டோ-இன், விலகினால் டோ-அவுட். இவற்றை முன்னொடுக்கம், முன்விரிவு என்று சொல்லலாம் என்பது என் எண்ணம். கேம்பர், முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருப்பது. அதற்குச் 'சாய்வு' போதும்.

சரி, தேய்மானத்தை வைத்து எது பிசகியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. இதற்கு அலைன்மென்ட் வேண்டாம். ஒரே ஓரம் தேய்ந்தால்தான் சந்தேகம் டோவின் மீதும் கேம்பரின் மீதும் போக வேண்டும். அப்போது உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே போகும்போது வழுக்கி, திரும்பும்போது ரம்பம்போல் கீறினால் முன்னொடுக்கம் அதிகம். மாறாக இருந்தால் முன்விரிவு. கீறலே இல்லாமல் ஒரு ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தால் சாய்வைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குவது பெரும்பாலும் வேறு சிக்கல். அது பேலன்சிங், ரிம்மில் எடை வைத்துச் சரிசெய்வது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் காசு செலவழிப்பவர்கள் நிறைய.

தமிழில் 'சக்கரச் சீரமைப்பு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. சாலைக்கும் சீரமைப்பு, கட்டடத்துக்கும் சீரமைப்பு. இங்கே நடப்பது திசையைத் திருத்துவது. 'சக்கர நேர்ப்படுத்தல்' அதைச் சொல்லிவிடுகிறது. பேச்சில் 'சக்கரத்துக்கு நூல் பிடிக்கிறது' என்றாலே மெக்கானிக்குக்குப் புரியும்.

நேர்ப்படுத்தும் முன் நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளான பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடு என்ற கம்பியின் முனை (டை ராடு எண்ட்) ஆகியவற்றில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். இல்லையென்றால் இன்று வைத்த அளவு நாளை நிற்காது. பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் திருப்பக்கூடியது டோ மட்டும்தான். சாய்வு பிசகியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அப்புறம் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கட்டி, டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, இரு பக்கத்து டை ராடையும் சம அளவு திருப்ப வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் டோ சரியாகிவிடும், ஆனால் நேரே போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.