ரவிவர்மா கண்காட்சிக்கு வீட்டுச் சாமி படத்தைக் கொடுக்கும் முன்

ராஜா ரவிவர்மாவின் வாழ்வையும் கலையையும் பற்றிக் கண்காட்சி வைக்க நினைக்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் முதலில் அவர் கைப்பட வரைந்த தைல ஓவியங்களைத்தான் தேடுகிறார்கள். அவை திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்திலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும், வதோதரா லட்சுமி விலாஸ் அரண்மனையிலும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. தருமபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ அவற்றைக் கொண்டுவருவது நடைமுறையில் ஆகாத காரியம். ஆனால் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் பாலக்கோடு, ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளின் சாமி அறையிலேயே இருக்கக்கூடும். கண்காட்சிக்கு அவையே போதும். வருத்தம் என்னவென்றால், நூறு வருடம் தாக்குப்பிடித்த படம் கண்காட்சிக்காகத் "துடைத்து, புதுசாகக் கண்ணாடி போட்டு" எடுத்து வரும் அந்த ஒரு வாரத்தில்தான் கெடுகிறது.

முதலில், கையில் இருப்பது எது என்று தெரிய வேண்டும். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பின்னர் அது லோனாவ்லா அருகே மளவ்லிக்குப் போனது. கடன் சுமையால் ஜெர்மன் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரிடம் அதை விற்றார். 1906-இல் ரவிவர்மா காலமான பிறகும் அச்சகம் ஓடியது. வேறு ஓவியர்கள் வரைந்தவையும் அதே பெயரில் வெளிவந்தன. ஆகவே படத்தின் கீழே 'ரவிவர்மா அச்சகம்' என்று ஆங்கிலத்தில் இருப்பதை மட்டும் வைத்து 'ரவிவர்மா வரைந்தது' என்று எழுதிவிடக் கூடாது. 'ரவிவர்மா அச்சகப் படம், ஓலியோகிராஃப்' (தைல ஓவியம்போல் தோன்றும்படி கல்லச்சில் பல நிறத்தில் அச்சிட்டு வார்னிஷ் பூசிய படம்) என்று எழுதுவதே சரி.

நகைப் பட்டறையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் வழியாகப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கல். சுண்ணாம்புக்கல்லின் மேல் கையால் புள்ளியிட்டிருப்பார்கள். அதனால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், பெரிதும் சிறிதுமாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். முகத்தின் நிழலில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தனியாகத் தெரியும். ஒரே அளவு புள்ளிகள் வரிசைகட்டி, சின்னச் சின்ன வட்டப் பூக்களைப்போல் அமைந்திருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. அச்சுக்கு மேல் பூசிய வார்னிஷ் இன்று மஞ்சளாகியிருக்கும். சில படங்களில் புடவைக்குச் சரிகையும் ஜமிக்கியும் தைத்திருப்பார்கள். அது வீட்டார் செய்த அலங்காரம். அதையும் வரலாறாகவே மதிக்க வேண்டும், பிரிக்கக் கூடாது.

இனி, படத்தைக் கழற்றும் ஆசை. பழைய பிரேமில் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளியே இருக்காது. விளக்குச் சூட்டிலும் கோடை வெயிலிலும் வார்னிஷ் இளகி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரேம் கடைக்காரர் பின்பலகையை எடுத்துவிட்டுப் படத்தை இழுத்தால் லட்சுமியின் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்: ஒட்டிய இடம் நனைந்ததுபோல் அடர்நிறமாகவும், ஒட்டாத இடம் சற்று வெளிறியும் தெரியும். ஒட்டியிருந்தால் கழற்றவே வேண்டாம். அப்படியே காட்சிக்கு வையுங்கள். ஆவி பிடிப்பது, ஹேர் டிரையர் காட்டுவது, பிளேடு விடுவது எதுவும் கூடாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. இத்தகைய படத்துக்கு அங்கே வழி கேட்கலாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தை அணுகிக் கேட்பது எளிது.

ஒட்டாத படம் என்றால் பின்பலகையை மாற்றுவது நல்லது. மலிவான மரப்பலகையிலிருந்தும் அதன்மேல் வைத்த செய்தித்தாளிலிருந்தும் அமிலம் கசிந்து, பலகையின் ரேகையே பழுப்பாகப் படத்தில் பதிந்திருக்கும். அமிலமில்லாத மவுண்ட் போர்டு பின்னால் ஒன்று, முன்னால் சன்னல்போல் வெட்டிய ஒன்று வைத்தால் கண்ணாடி விலகி நிற்கும். இடைவெளி 3 மில்லிமீட்டராவது வேண்டும். ஃபெவிகால், செல்லோடேப், மைதாப் பசை மூன்றையும் தொடவே கூடாது. டேப்பின் பசை சில வருடத்தில் காகிதத்துக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும். மைதாப் பசை ராமபாணப் பூச்சிக்கு விருந்து. எல்லாவற்றையும் விடக் கொடியது லேமினேஷன். சூட்டில் பிளாஸ்டிக் ஒருமுறை ஒட்டிவிட்டால் அந்தப் படத்தை யாராலும் மீட்க முடியாது.

துடைப்பதில் கவனம்: கண்ணாடியின் மேல் திரவத்தைத் தெளித்தால் அது பிரேமின் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, காகிதத்தின் கீழ் விளிம்பை நனைக்கும். கண்ணாடியில் வைத்த சந்தனமும் குங்குமமும் கரைந்து உள்ளே போனால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் போகாது. துணியை லேசாக நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து துடையுங்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் உலர்ந்த துணிதான். பூச்சி மருந்து அடிக்காதீர்கள்.

கண்காட்சிக்குப் படத்தை இரவல் பெறுகிறவர்கள் முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கிழிசல், கறை, பூச்சி அரிப்பு எங்கே என்று எழுதி, வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலும் கொடுக்க வேண்டும். வழிபாட்டில் இருக்கும் படம் என்பதால், அந்த இடம் காலியாக இல்லாமல் இருக்க நல்ல பிரிண்ட் ஒன்று போட்டுக் கொடுத்தால் வீட்டாருக்கும் மனநிறைவு. காரில் கொண்டுவரும்போது நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் குலுக்கலில் கண்ணாடி வளைந்து படத்தில் உரசும். கண்ணாடி உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காமலிருக்க, கண்ணாடியின்மேல் மட்டும், பிரேமில் படாமல், மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டலாம்.

காட்சிக் கூடத்தில் பெரிய எதிரி வெளிச்சம். காகிதத்தில் அச்சான படத்துக்கு உலகெங்கும் வைக்கும் வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). ஜன்னலோரமாக 500 லக்ஸ் இருப்பது சாதாரணம். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் 30 நாள் வைத்தால் படத்தில் விழும் மொத்த ஒளி 12,000 லக்ஸ்-மணி. அதே ஒளியை 500 லக்ஸ் கூடத்தில் 3 நாளிலேயே படம் வாங்கிவிடும். வெளுத்த நிறம் திரும்பாது. ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள், ஃபோகஸ் விளக்கைப் படத்துக்கு நேராகத் திருப்பாதீர்கள், ஃபோன் லக்ஸ் ஆப்பில் ஒரு தோராயமாவது பாருங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரியவர்களும் பிள்ளைகளும் குனியாமல் பார்க்கலாம்.

ரவிவர்மாவின் வாழ்க்கையைச் சொல்லும் பலகைகளுக்கு நீளமான வரலாறு தேவையில்லை. 1848-இல் கிளிமானூரில் பிறப்பு, திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவு, 1873 சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், 1893 சிகாகோ உலகக் கண்காட்சி, 1894 அச்சகம். கடைசியாக, 1979-இல் அவர் படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டு, மூல ஓவியங்களை வெளிநாட்டுக்கு விற்று அனுப்பத் தடை வந்தது என்பதையும் சேருங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது குளிரூட்டிய கூடத்திலிருந்து நேராகப் பிரிக்காமல், பாலித்தீன் உறையோடு ஒரு நாள் வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள்; இல்லையென்றால் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோர்க்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஓதமடிக்கும். பிரேமின் பின்னால் கீழ்முனைகள் இரண்டிலும் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் காற்றோட்டம் கிடைக்கும். விளக்கு படத்துக்கு நேர் கீழே வேண்டாம். இரண்டு அடி தள்ளி முன்னால் இருக்கட்டும்.