கற்றுக்கொடுப்பவரும் மாற்றுத்திறனாளியே: அமெரிக்காவின் டிடி சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு

அமெரிக்காவில் ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ செரிபிரல் பால்சியோ உள்ள பிள்ளையை வளர்க்கும் நம்மூர் அப்பா அம்மாக்களுக்கு ஐஇபி (பள்ளி அந்தப் பிள்ளைக்கென்றே போடும் தனிக் கல்வித் திட்டம்) தெரியும், தெரபி தெரியும், இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டுவதும் தெரியும். ஆனால் தங்கள் மாநிலத்தில் டிடி கவுன்சில் (டிடி என்றால் டெவலப்மென்டல் டிசபிலிட்டி, அதாவது வளர்ச்சிக் குறைபாடு) என்று ஒன்று இருப்பதை யாராவது சொன்னால்தான் பலர் கவனிக்கிறார்கள். அது நேரடியாகத் தெரபியோ உதவித்தொகையோ தருகிற இடம் இல்லை, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. அது தருவது வேறு: உங்கள் பிள்ளை தனக்காகத் தானே பேசக் கற்றுக்கொள்ள ஒரு வழி, அப்புறம் அதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கவும் ஒரு வழி.

சட்டத்தின் பெயர் நீளமானது, வளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்கான உதவி மற்றும் உரிமைச் சட்டம். எல்லோரும் டிடி சட்டம் என்றே சொல்கிறார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2000-இல் இயற்றப்பட்டது. இதன்படி மாநிலங்களிலும் ஆட்சிப்பகுதிகளிலுமாக 56 கவுன்சில்கள் மத்திய அரசின் பணத்தில் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஐந்தாண்டுத் திட்டம் போட வேண்டும், அந்தத் திட்டத்தில் மூன்று விஷயங்கள் கட்டாயம். மாற்றுத்திறனாளிகளே தலைமை தாங்கி நடத்தும் மாநில அமைப்பு ஒன்றுக்கு நேரடியாகப் பணம் போய்ச் சேர வழி செய்ய வேண்டும். ஏற்கெனவே தலைவர்களாக இருக்கும் மாற்றுத்திறனாளிகள், அடுத்துத் தலைவர்களாக வரக்கூடிய மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க வாய்ப்பு உண்டாக்க வேண்டும். வேறு வகைக் குறைபாடு உள்ளவர்களும் வேறு பண்பாடுகளைச் சேர்ந்தவர்களும் கூடும் கூட்டமைப்புகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இரண்டாவதை இன்னொரு முறை படியுங்கள். நிபுணர் வந்து வகுப்பு எடுப்பார் என்று அதில் இல்லை. பேருந்தில் தனியாகப் போகப் பழகிய ஒருவர், கூட்டத்தில் 'இது எனக்குப் புரியவில்லை, எளிமையாகச் சொல்லுங்கள்' என்று கேட்கப் பழகிய ஒருவர், அதை இன்னொருவருக்குச் சொல்லித்தருவார். இருபது வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான், வாயால் பேசாமல் ஐபேடில் தட்டித்தான் பேசுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாம் நூறு முறை 'உன்னால் முடியும்' என்று சொல்வதைவிட, அதே மாதிரி ஐபேடில் பேசுகிற ஒருவர் முன்னால் நின்று வகுப்பு நடத்துவதை அவன் ஒரு முறை பார்த்தால் போதும் என்று நான் நம்புகிறேன்.

இந்த எண்ணம் வாஷிங்டன் அலுவலகத்தில் பிறந்ததும் இல்லை. 1974-இல் ஒரிகான் மாநிலத்தின் சேலத்தில், பெரிய அரசு விடுதி ஒன்றில் பல வருடம் அடைபட்டிருந்து வெளியே வந்தவர்கள் தாங்களே கூடிப் பேசினார்கள். குறையைச் சொல்லித் தங்களைக் கூப்பிடுவது அவர்களுக்குச் சலித்துப்போயிருந்தது, நாங்கள் முதலில் மனிதர்கள் என்றார்கள், 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற பெயர் அப்படி வந்தது. அவர்கள் தொடங்கியது மற்ற மாநிலங்களுக்கும் பரவி, 1991-இல் தேசிய அமைப்பும் உருவானது. சட்டத்தில் இந்தப் பிரிவு வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

சரி, யாருக்கு இது? 22 வயதுக்கு முன்னால் தொடங்கி, வாழ்நாள் முழுக்க நீடிக்கக்கூடிய உடல் அல்லது மனக் குறைபாடாக இருக்க வேண்டும். தன்னைப் பார்த்துக்கொள்வது, மொழி, கற்றல், நடமாட்டம், தானே முடிவெடுப்பது, தனித்து வாழ்வது, சொந்தக் காலில் நிற்கும் வருமானம் என்ற ஏழில் மூன்றிலாவது பெரிய தடை இருக்க வேண்டும். நோயின் பெயரை வைத்து அளப்பதில்லை, வாழ்க்கையில் எது தடைபடுகிறது என்பதே அளவுகோல்.

பல மாநிலங்களில் நடக்கிற 'பார்ட்னர்ஸ் இன் பாலிசிமேக்கிங்' பயிற்சி 1987-இல் மினசோட்டா கவுன்சில் தொடங்கியது. அங்கே வகுத்த முறைப்படி மாதம் இரண்டு நாள், எட்டு மாதம். வளர்ந்த மாற்றுத்திறனாளிகளும் சின்னப் பிள்ளைகளின் பெற்றோரும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். சட்டமன்ற உறுப்பினரை எப்படிப் பார்ப்பது, நம் கதையை இரண்டு நிமிடத்தில் எப்படிச் சொல்வது, கூட்டத்தை எப்படி நடத்துவது என்று நடைமுறையாகவே போகும். கட்டணம் பெரும்பாலும் இருக்காது. தங்கும் இடம், சாப்பாடு, உதவியாளர் செலவு பற்றி விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

கவுன்சிலிலேயே உறுப்பினராகவும் ஆகலாம். உறுப்பினர்களில் குறைந்தது 60 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளும் அவர்களின் குடும்பத்தினருமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நியமிப்பவர் ஆளுநர்.

பெற்றோருக்கு ஒன்று. பெரும்பாலான மாநிலங்களில் 18 வயதில் கல்வி தொடர்பான உரிமைகள் பிள்ளையின் கைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் கார்டியன்ஷிப் (பிள்ளைக்குப் பதிலாக நாம் முடிவெடுக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) வாங்கிவிடுங்கள் என்று நாலு பேர் சொல்வார்கள், பயத்தில் நாமும் நீதிமன்றத்துக்கு ஓடுவோம். அதற்கு முன் 'ஆதரவோடு முடிவெடுத்தல்' என்ற மாற்று வழியைப் பாருங்கள். பிள்ளை நம்புகிற ஒருவர் விளக்கிச் சொல்லித் துணை இருப்பார், முடிவு பிள்ளையுடையது. 2015-இல் டெக்சாஸ்தான் இதற்கு முதலில் சட்டம் போட்டது, பிறகு வேறு பல மாநிலங்களும் போட்டன. இந்த வழி சரிப்பட வேண்டுமானால், முடிவெடுக்கிற பழக்கம் பதினெட்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஐஇபி மீட்டிங்கிலேயே தொடங்குங்கள். 16 வயதில் அடுத்த கட்டத் திட்டம் பேசும் மீட்டிங்குக்கு மாணவரையும் பள்ளி அழைத்தே ஆக வேண்டும்.

உங்கள் மாநிலத்தின் பெயரோடு டிடி கவுன்சில் என்று தேடினால் அவர்களின் தளம் வந்துவிடும். தலைமைப் பயிற்சி எப்போது தொடங்குகிறது, பயிற்சி கொடுப்பவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், ஒருவரின் உழைப்பை வாங்கிக்கொண்டு சான்றிதழை மட்டும் கையில் கொடுப்பது நியாயம் இல்லை. விண்ணப்பப் படிவத்தில் 'ஏன் இந்தப் பயிற்சி வேண்டும்' என்ற இடத்தை நீங்கள் நிரப்பாதீர்கள். பிள்ளை சொல்வது ஒரே வரியாக இருந்தாலும், அதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.