எட்டு கோர் கேட்டோம், எத்தனை ஓடுகின்றன?

புள்ளியியல் கணக்குக்கான ஆர் மொழியில், கணினியின் பல கோர்களில் (செயலியின் தனித்தனிக் கணக்கிடும் பகுதிகளில்) இணையாக ஓடும் நிரல் எழுதி, 'வேகம் கூடவே இல்லை' என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: நிரல் ஓடும்போது கோர்களைப் பார்த்தீர்களா? 'எட்டு கோர் கொடுத்திருக்கிறேன்' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கேட்டது எட்டாக இருக்கலாம், ஓடுவது ஒன்றாகவும் இருக்கலாம்.

அடிக்கடி பார்ப்பது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபோர்ஈச் பேக்கேஜின் சிக்கல். இணையாக ஓட்டச் சொல்லும் டூபார் போட்டிருப்பார்கள், வொர்க்கர்கள் எனப்படும் துணை ஆர் ப்ராசஸ்களின் தொகுப்பான கிளஸ்டரைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். ஆர் நிற்காது. ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டும். விடை சரியாகவே வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு பட்டியலின் வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்கும் எம்சி-எல்அப்ளையில் கோர் எண்ணிக்கை சொல்லாமல் விட்டால் இரண்டு கோர்தான் எடுக்கும். விண்டோஸில் அதற்கு ஒன்றுக்கு மேல் கேட்டாலே எரர். அங்கே கிளஸ்டரைத் தொடங்கும் மேக்-கிளஸ்டர்தான் வழி.

பார்ப்பது சுலபம். லினக்ஸில் இன்னொரு டெர்மினலைத் திறந்து டாப் என்ற கட்டளையைக் கொடுத்து, 1 என்ற எண்ணை அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும். அதே வேலையைச் செய்யும் எச்டாப் இருந்தால் இன்னும் நல்லது. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்து வரைபடத்தை ரைட் கிளிக் செய்து லாஜிக்கல் ப்ராசசர் வாரியாக மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், தெரிவதைப் படிக்க வேண்டும். எட்டு ஆர் ப்ராசஸ்கள், ஒவ்வொன்றும் 100 சதவீதத்தை ஒட்டி ஓடினால் சரி. ஒரே ப்ராசஸ் 800 சதவீதம் காட்டினால் அது பெரும்பாலும் நீங்கள் எழுதிய இணை நிரல் அல்ல. ஓபன்பிளாஸ் போன்ற அணிக்கணித நூலகம் தானாகவே வேலையை த்ரெட்களாக, அதாவது ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகளாக, பிரித்து ஓட்டுகிறது. எட்டும் ஓடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் 12 சதவீதம்தான் என்றால் எல்லாம் ஒரே கோரில் கட்டுண்டு கிடக்கின்றனவா என்று பாருங்கள். ப்ராசஸைக் குறிப்பிட்ட கோரில் கட்டிவைக்கும் அஃபினிட்டி வசதியோடு கம்பைல் செய்த ஓபன்பிளாஸ் இப்படிச் செய்யும். லினக்ஸில் பேரலல் பேக்கேஜின் எம்சி-அஃபினிட்டி, எந்தெந்த கோர்களுக்கு அனுமதி என்று காட்டிவிடும். அதுவும் இல்லையென்றால் நினைவகத்தைப் பாருங்கள். நினைவகம் போதாமல் வட்டைப் பயன்படுத்தும் ஸ்வாப் தொடங்கிவிட்டால் கோர்கள் சும்மாதான் இருக்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது இதற்கு நேர் எதிரானது. எட்டு வொர்க்கர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓபன்பிளாஸ் எட்டு த்ரெட் என்றால் எட்டு கோரில் 64 த்ரெட்கள் முட்டிக்கொள்ளும். திரையில் எல்லா கோரும் 100 சதவீதம், பார்க்கத் திருப்தியாக இருக்கும். நேரம் மட்டும் ஒற்றை கோரில் ஓட்டியதைவிடக் கூடிப்போகலாம். ஓபன்பிளாஸ் த்ரெட் எண்ணிக்கைக்கான சூழல் மாறியை 1 என்று வைத்துவிட்டு, அதன்பிறகு ஆரைத் தொடங்குங்கள்.

பலர் பகிரும் சர்வரில் கோர்களை எண்ணிச் சொல்லும் டிடெக்ட்கோர்ஸ் தரும் எண்ணை அப்படியே வொர்க்கர் எண்ணிக்கையாகப் போடாதீர்கள். வேலைகளுக்கு கோர்களைப் பங்கிடும் ஸ்லர்ம் உங்களுக்கு 4 கோர் ஒதுக்கியிருந்தாலும் டிடெக்ட்கோர்ஸ் இயந்திரத்தின் மொத்தத்தையே சொல்லும், ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங் கணக்கையும் சேர்த்து. அப்படிப் பயன்படுத்த அது ஏற்றதல்ல என்று அதன் உதவிப் பக்கமே சொல்கிறது. பேரலல்லி பேக்கேஜின் அவைலபிள்கோர்ஸ், ஒதுக்கீட்டைப் பார்த்துப் பதில் சொல்லும். பக்கத்து ஆராய்ச்சியாளரின் வேலையும் அதே இயந்திரத்தில்தான் ஓடுகிறது, தயவுசெய்து அதை மனதில் வையுங்கள்.

ஓட்ட நேரத்தை அளக்கும் சிஸ்டம்.டைமில் யூசர் கணக்கை (செயலி செலவழித்த நேரத்தை) மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேக்-கிளஸ்டரில் வொர்க்கர்கள் செலவழித்த நேரம் யூசர் கணக்கில் வராது; எம்சி-எல்அப்ளையில் வரும். கடிகாரப்படி ஆன எலாப்ஸ்டு நேரத்தை ஒரு கோர், இரண்டு, நான்கு என்று சிறிய தரவில் ஓட்டி ஒப்பிடுங்கள். நான்கிலிருந்து எட்டுக்குப் போகும்போது நேரம் குறையவில்லையென்றால் நான்கிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஓட்டம் முடிந்த பிறகும் ஒருமுறை டாப்பைப் பாருங்கள். நடுவில் எரர் வந்து ஸ்டாப்-கிளஸ்டர் வரிக்கு வராமலே போயிருந்தால், வொர்க்கர்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். ஃபங்ஷனுக்குள் கிளஸ்டரைத் தொடங்கிய அடுத்த வரியிலேயே, ஃபங்ஷன் எப்படி முடிந்தாலும் ஓடும் ஆன்.எக்சிட்டில் அதை நிறுத்தும் கட்டளையையும் எழுதிவிடுங்கள்.